மஞ்சள் சட்டைக்குள் யார்?

விளையாட்டு ரசிகர்களில் சைக்கிள் பந்தய ரசிகன் தனி ரகம். கால்பந்து ரசிகன் காசு கொடுத்து மைதானத்துக்குள் போகிறான், தொண்ணூறு நிமிடம் பார்க்கிறான். கிரிக்கெட் ரசிகன் ஐந்து நாள் பார்த்துவிட்டு வெற்றி தோல்வி இல்லாமல் வீடு திரும்பினாலும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். சைக்கிள் ரசிகனோ காலையிலேயே சாப்பாட்டுப் பையோடு போய் ஏதோ ஓர் ஊரின் தெருவோரத்தில் உட்காருகிறான். வெயில் ஏறும். மழை பெய்யும். மறுபடி வெயில் வரும். பிற்பகலில் நூற்றைம்பது பேருக்கு மேல் ஒரே திரளாக வருவார்கள். சங்கிலிகளின் இரைச்சல் கேட்கும், காற்று முகத்தில் அடிக்கும், யாரோ எறிந்த தண்ணீர்ப் போத்தல் காலடியில் உருளும். அதற்குள் போய்விடுவார்கள். முன்னால் போனது யார் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்கத் திரும்பினால், அவரும் அதே கேள்வியோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வேலையைச் சம்பளமில்லாமல் எண்பதுகளின் நடுவிலிருந்து செய்துவருகிறேன்.

டூர் து பிரான்ஸ் என்பது ஜூலை மாதத்தில் மூன்று வாரம் நடக்கும் பந்தயம். 21 கட்டங்கள், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. 1903இல் ஆன்றி தெக்ரான்ஜ் என்ற பத்திரிகை ஆசிரியர் தன்னுடைய 'லோட்டோ' பத்திரிகையின் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய கூத்து இது. பத்திரிகை மஞ்சள் தாளில் வந்தது. 1919இல் அறிமுகமான சட்டைக்கும் அதே நிறம். ஆக, உலகத்துச் சைக்கிள் வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடிக்கப் பார்க்கும் அந்தச் சட்டை, பிறப்பால் ஒரு விளம்பரம்.

நான் பாரிசுக்கு வந்த ஆண்டு 1985. எங்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலைதான் எனக்கும் கிடைத்தது: ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுவது. தலைமைச் சமையல்காரர் பிரெத்தாஞ் பகுதிக்காரர். அடுப்புக்கு மேலிருந்த தட்டில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். ஜூலை பிறந்தால் அந்த வானொலியை அணைக்க முதலாளிக்கே உரிமை கிடையாது. அந்த ஆண்டு பந்தயம் அவருடைய மாகாணத்தில், ப்ளூமெலெக் என்ற சிற்றூரில் தொடங்கியது. முதல்நாள் ஓட்டத்தை வென்றவர் பெர்னார் ஈனோ. அவரும் பிரெத்தாஞ்காரர். வழியில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டு, அந்த முகத்தோடேயே ஓடி, ஐந்தாவது முறையாக டூரை வென்றார். 1981 முதல் 1985 வரை ஐந்து ஆண்டும் வென்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மூன்று முறை ஈனோ, இரண்டு முறை லொரான் ஃபினியோன். "இது எங்கள் பந்தயம். மற்றவர்கள் விருந்தாளிகள்" என்று சமையல்காரர் எனக்கு விளக்கினார். நானும் விருந்தாளி என்பதால் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு இன்றுவரை ஆண்கள் பந்தயத்தை ஒரு பிரெஞ்சுக்காரரும் வெல்லவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே நம்புகிறேன். எனக்குக்கூடப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. மஞ்சள் சட்டைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எனக்குப் பிரெஞ்சு கற்றுத்தந்தது அந்த டிரான்சிஸ்டர்தான். முதலில் எண்கள் பிடிபட்டன. எத்தனை நிமிடம், எத்தனை விநாடி, இன்னும் எத்தனை கிலோமீட்டர். பிறகு ஊர்ப்பெயர்கள், மலைப்பெயர்கள். அதன்பின் வசைச்சொற்கள், அவற்றை வானொலி சொல்லவில்லை, சமையல்காரர் சொன்னார். வாடகைப் பத்திரத்தில் எங்கே கையெழுத்திடுவது என்று தெரியாத காலத்திலேயே, பிரனே மலையிலுள்ள தூர்மாலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர் என்று எனக்குத் தெரியும். வதிவிட அனுமதிக்காக வரிசையில் நின்றபோது அதை யாரும் கேட்காமல் போனது என் துரதிர்ஷ்டம்.

அறையில் எங்களோடு இருந்தவர்களில் வயதில் மூத்த ஓர் அண்ணைக்கு என் போக்குப் பிடிபடவில்லை. "தம்பி, ஊரிலை சைக்கிள் காணாத ஆளோ நீ? பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள், கலியாண வீட்டுக்கும் சைக்கிள், செத்த வீட்டுக்கும் சைக்கிள். கடல் தாண்டி வந்தும் அதையே பாக்கப் போறாய்" என்றார். ஆனாலும் ஒரு விடுமுறை நாளில் கூடவே வந்தார். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

தெருவோரத்தில் நிற்பதை நம்மவர்களுக்கு ஒரே சொல்லில் விளக்கலாம்: நல்லூர்த் தேர். விடியப் போய் இடம் பிடிப்பது, முன்னால் நிற்கும் உயரமானவரைச் சபிப்பது, தூரத்துச் சத்தத்துக்குக் கழுத்தை நீட்டுவது, அது வேறேதோ சத்தம் என்று தெரிந்து கழுத்தை மடக்குவது எல்லாம் ஒன்றுதான். தேர் ஆறுதலாக வரும், நின்று நிதானமாகத் தரிசனம் தரும். இங்கே சாமி மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகும்.

அதனால்தான் சாமிக்கு முன்னால் பிரசாதம் வருகிறது. வீரர்கள் வருவதற்கு வெகுமுன்னரே விளம்பர வண்டிகளின் ஊர்வலம் போகும். 1930இல் தெக்ரான்ஜ் சைக்கிள் கம்பனிகளின் அணிகளை நீக்கிவிட்டு நாடுகளின் அணிகளைக் கொண்டுவந்தார். அதுவரை கம்பனிகள் ஏற்ற செலவு பத்திரிகையின் தலையில் விழுந்தது. அதை ஈடுகட்டத்தான் இந்த ஊர்வலம். ராட்சதக் கோழி, ராட்சதச் சிங்கம், ராட்சதச் சோப்புக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். வண்டியிலிருப்பவர்கள் தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய் என்று வீசிக்கொண்டே போவார்கள். கோட்டும் சூட்டுமாக அலுவலகம் போகும் கனவான்கள் ஒரு சாவிக்கொத்துக்காக வாய்க்காலில் குதிப்பதை அங்கேதான் பார்த்தேன். அகதி முகாம்களில் வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு, பிரெஞ்சுக்காரர்கள் இலவசத்துக்கு அடிபடுவதைப் பார்க்க மனதுக்கு ஒருவித இதம். அண்ணையின் மடியில் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அண்ணை விரதம். பொட்டலத்துக்குள் பன்றியிறைச்சித் துண்டுகள். அதை ஒரு சிறுவனிடம் கொடுத்துத் தொப்பியாக மாற்றிக்கொண்டார். அந்தத் தொப்பி பல கோடைகளுக்கு உழைத்தது.

இன்றும் ஊர்வலம் போகிறது, இன்றும் வாய்க்காலில் குதிக்கிறார்கள். வண்டிகள் மின்சாரத்துக்கு மாறிவருகின்றன, பிளாஸ்டிக் உறைகளைக் குறைத்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். குதிப்பவர்களில் என் வயதுக்காரர்கள் கூடியிருப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் மாற்றம்.

அன்று எங்களுக்கு இல்லாதது தகவல். வீரர்களுக்கும் அப்படித்தான். ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒருவர் கரும்பலகையோடு உட்கார்ந்திருப்பார். முன்னால் தப்பி ஓடும் கூட்டத்துக்கும் பின்னால் வரும் திரளுக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டுவார். மழை வந்தால் நிமிடம் கரைந்துவிடும். தொண்ணூறுகளில் காதுக்குள் வைக்கும் கருவி வந்தது. பின்னால் காரில் வரும் அணி மேலாளர், குடி, சாப்பிடு, முன்னுக்குப் போ, பேசாமல் இரு என்று சொல்லிக்கொண்டே வரலாம் என்றானது. என் மனைவிக்கு அப்படியொரு கருவி தேவைப்பட்டதே இல்லை.

தொலைக்காட்சியில் அப்போதெல்லாம் கட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் காட்டுவார்கள். முன்னால் நடந்ததை மறுநாள் 'லெக்கிப்' பத்திரிகை சொல்லும். அதை எழுதுபவர்களும் எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காத பகுதியைத்தான் நன்றாக எழுதுவார்கள். 2017 முதல் எல்லாக் கட்டங்களும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலை. ஹெலிகொப்டர் மேலே பறந்து கோட்டைகளையும் தேவாலயங்களையும் காட்டுகிறது. விவசாயிகள் டிராக்டர்களை வயலில் வட்டமாக ஓட்டி ராட்சதச் சைக்கிள் போட்டுக் காட்டுகிறார்கள். போனைத் திறந்தால் யார் எந்த வளைவில், எந்த வேகத்தில், யாரைவிட எத்தனை விநாடி பின்னால் என்று புள்ளிகளாக ஓடுகிறது.

என் மகள் கேட்பாள்: "அப்பா, வீட்டிலை இருந்து பாத்தா எல்லாம் தெரியுமே. ஏன் அங்கை போய் நிக்கிறியள்?" நியாயமான கேள்வி. போன ஆண்டுகளில் ஒன்றில் மலைச்சாலையில் என் பக்கத்தில் நின்ற இளைஞர் போனிலேயே பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். வீரர்கள் எங்கள் இருவரின் மூக்குக்கு முன்னால் போனார்கள். அவர் தலை நிமிரவில்லை. அரை நிமிடம் கழித்து அதே காட்சி போனில் வந்தது. துள்ளிக் குதித்துக் கைதட்டினார். "பார்த்தீர்களா, நாங்கள் நிற்கிற இடம்!" என்று என்னிடமே காட்டினார். திரையில் நானும் இருந்தேன். மகளுக்குச் சொல்ல அன்று ஒரு பதில் கிடைத்தது.

பழைய வீரர்கள் கடினமானவர்கள், இன்றைய பிள்ளைகள் சொகுசானவர்கள் என்று ரசிகர்கள் சொல்லாத ஆண்டு கிடையாது. ஈனோ காலத்திலும் சொன்னார்கள். அதற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துவைப்பது 1913. தூர்மாலே இறக்கத்தில் எஜேன் கிறிஸ்தோஃபின் சைக்கிளின் முன்கவை உடைந்தது. வெளியார் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து சாந்த்-மாரி-து-கம்பான் கிராமத்துக்கு வந்து, கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். பந்தய அதிகாரிகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தியை ஊத ஒரு சிறுவன் கைகொடுத்ததற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். அந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளும் கூட்டமும் இருக்கிறது. இப்போது காற்றுப் போனால் வீரர் கையைத் தூக்குகிறார். கார் வருகிறது, வேறு சைக்கிள் இறங்குகிறது, முதுகில் ஒரு தள்ளு. ஒரு தேநீர் ஆறுவதற்குள் அவர் திரளைப் பிடித்துவிடுகிறார். இதை நானும் சொகுசு என்று சொல்லிவந்தேன், முழங்கால் தேய்ந்து, மருந்துக்கடைக்கு மின்சார சைக்கிளில் போகத் தொடங்கும் வரை.

இனி 1989. அந்த ஆண்டின் கடைசிக் கட்டம் ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஜூலை என்றால் 83, இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த ஜூலை. அந்த நாள்களில் எங்கள் அறைகளில் பேச்சுக் குறைந்துவிடும். சமையல்காரர் அதையெல்லாம் கேட்கிற மனிதர் அல்லர். "வா" என்றார், ஷான்ஸ் எலிசேக்கு இழுத்துப் போனார். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனித்து ஓடும் ஓட்டம். ஃபினியோன் மஞ்சள் சட்டையில், அமெரிக்கர் கிரெக் லெமோண்டைவிட 50 விநாடி முன்னால். 50 விநாடியை இந்தத் தூரத்தில் யாராலும் பிடிக்க முடியாது என்று டிரான்சிஸ்டர் சொன்னது, சமையல்காரர் சொன்னார், பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரும் சொன்னார். லெமோண்ட் காற்றைக் கிழிக்கும் நீண்ட கைப்பிடி பூட்டியிருந்தார், தலையில் நீள் கவசம். இரண்டு ஆண்டுக்கு முன் வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டவர். உடம்புக்குள் ஈயக் குண்டுகள் இன்னும் இருந்தன. ஃபினியோன் வெறுந்தலையோடு, குடுமி காற்றில் ஆட, உட்கார முடியாத புண்ணோடு வந்தார். ஒலிபெருக்கி விநாடிகளை எண்ணியது. எண்ணி முடிந்தும் ஃபினியோன் கோட்டுக்கு வரவில்லை.

லெமோண்ட் 58 விநாடி வேகமாக ஓடியிருந்தார். 3,285 கிலோமீட்டர் ஓடிய பிறகு வித்தியாசம் 8 விநாடி. ஆண்கள் டூரின் வரலாற்றில் இதைவிடச் சிறிய வித்தியாசம் இன்றுவரை இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்குப் போட்ட தோரணங்கள் இன்னும் ஊரெங்கும் தொங்கிக்கொண்டிருந்தன. சமையல்காரர் டிரான்சிஸ்டரை அணைத்தார். திரும்பி நடந்தோம். வழிநெடுக அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தக் குடுமியை வெட்டியிருந்தால்?" பிரான்ஸ் முழுவதும் அன்றிரவு அதைத்தான் கேட்டது. இன்று அதற்கென்று காற்றுச் சுரங்கம் இருக்கிறது, பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். காலுறையின் நீளத்தைக்கூட அளந்து விதி போட்டிருக்கிறார்கள். குடுமிக்கு விநாடிக் கணக்கு போட்டவர்களில் எங்கள் சமையல்காரர் முன்னோடி.

அந்தத் துக்கத்தில் எங்கள் சமையலறையில் எவர் கண்ணிலும் படாத ஒரு சின்னச் செய்தி உண்டு. அதே 1989இல் பெண்கள் டூரை ஒரு பிரெஞ்சுப் பெண் வென்றார். பெயர் ஜானி லோங்கோ. தொடர்ந்து மூன்றாவது முறை. 1984இல் தொடங்கிய அந்தப் பெண்கள் பந்தயம் அந்த வடிவில் அந்த ஆண்டோடு நின்றுபோனது. பிரெஞ்சு வெற்றி வேண்டும் என்று நாடே மார்பில் அடித்துக்கொண்ட ஜூலையில், வென்ற பிரெஞ்சுக்காரரின் பந்தயத்தை மூடிவிட்டு அழுதுகொண்டிருந்தோம்.

தெருவோரத்தில் என் நிறத்துக்கு அன்று ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. எண்பதுகளில் கொலம்பிய மலையேறிகள் கலக்கிக்கொண்டிருந்த நேரம். 1984இல் லூயிஸ் எர்ரேரா ஆல்ப் துயெஸ் மலையில் வென்றார். 1988இல் ஃபாபியோ பர்ரா மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். என்னைக் கண்டதும் முன்பின் தெரியாதவர்கள் கைகுலுக்கி, "கொலம்பியா! பிரமாதம்!" என்றார்கள். வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். நாட்டுக் கடவுச்சீட்டே கையில் இல்லாதவனுக்கு இன்னொரு நாடு சும்மா கிடைக்கும்போது மறுப்பதற்கு என்ன இருக்கிறது? எர்ரேராவின் உடல்நிலை பற்றிக் கேட்டவர்களுக்கு நம்பிக்கையான பதில் சொன்னேன்.

இன்று அந்தச் சலுகை போய்விட்டது. 2024இல் எரித்திரியாவின் பினியாம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையையும் கொண்டுபோனார். டூரில் கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். எரித்திரிய அகதிகள் கொடியோடு மலைச்சாலையில் நின்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோது, கொலம்பியனாக நடித்து நான் குடித்த வைனின் கூச்சம் கொஞ்சம் தீர்ந்தது. அவர்கள் யாராகவும் நடிக்கத் தேவையில்லை.

நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். ஏமாற்று இந்தப் பந்தயத்தில் நேற்று வந்த நோய் அல்ல. 1904இல், இரண்டாவது டூரிலேயே, முதல் நான்கு இடத்துக்காரர்களையும் தகுதி நீக்கினார்கள். ரயிலில் ஏறிப் போனார்கள் என்பதுவரை புகார்கள் இருந்தன. முதல் ஆண்டின் வெற்றியாளர் மோரீஸ் காரனும் அதில் அடக்கம். ஐந்தாவதாக வந்த, இருபது வயது நிரம்பாத ஆன்றி கோர்னேக்கு வெற்றி போனது. ரசிகர்களும் சளைத்தவர்கள் அல்லர். தங்கள் ஊர்க்காரருக்குப் போட்டியானவர்களின் பாதையில் ஆணி போட்டார்கள்.

1998இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் கார் நிறைய ஊக்கமருந்தோடு பெல்ஜிய எல்லையில் பிடிபட்டார். அணி வெளியேற்றப்பட்டது, ஹோட்டல் அறைகளைப் பொலிஸ் சோதித்தது, வீரர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். மறு ஆண்டு, புற்றுநோயிலிருந்து மீண்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்றார். உலகமே உருகியது. 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்றார். 2012இல் ஏழையும் பறித்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கலாம் என்றால், அந்த இரண்டாவது, மூன்றாவதுகளில் பலருக்கும் அதே வியாதி. எனவே அந்த ஏழு ஆண்டுக்கும் வெற்றியாளர் இல்லை என்று பட்டியலில் இடம் காலியாக இருக்கிறது. அந்த ஆண்டுகளில் நான் தெருவோரத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தி, மஞ்சள் சட்டை ஒன்று போவதைப் பார்த்தேன். சட்டப்படி அதற்குள் யாரும் இருக்கவில்லை.

இப்போதைய ரசிகன் கெட்டிக்காரன். டாடே பொகாச்சர் ஒரு மலையை ஏறினால், ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் மிதித்தார் என்று அவர் உச்சிக்குப் போவதற்குள் கணக்குப் போட்டுவிடுகிறான். என் மருமகன் அந்த ரகம். கணக்கு கூடினால் சந்தேகப்படுகிறான், குறைந்தால் சலிப்படைகிறான். சைக்கிளுக்குள் மோட்டார் ஒளித்திருக்கிறதா என்றுகூட இப்போது கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரயிலையே ஒளிக்கப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் தொழில்நுட்பம் எவ்வளவு சிறுத்துவிட்டது என்று வியப்பாக இருக்கிறது. முன்பெல்லாம் எங்களுக்குக் காத்திருப்பதுதான் வேலை. இப்போது தணிக்கை செய்வதும் சேர்ந்துவிட்டது.

ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ரேமோன் புலிடோர். பதினான்கு டூர் ஓடி, மூன்று முறை இரண்டாவதாகவும் ஐந்து முறை மூன்றாவதாகவும் வந்தவர். மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூடப் போட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு, அந்தச் சட்டைக்குப் பணம் கொடுக்கும் வங்கியின் விருந்தாளியாக ஒவ்வொரு ஜூலையிலும் வந்து கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார். வங்கி அவருக்குப் போட்டுவிட்ட மேலாடையின் நிறம் மஞ்சள். காலால் கிடைக்காதது கையெழுத்தால் கிடைத்தது. அவர் 2019இல் காலமானார். 2021இல் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மத்தியூ வான் டெர் பூல், தன் முதல் டூரின் இரண்டாம் நாளே மஞ்சள் சட்டையை எடுத்து, வானத்தைப் பார்த்து விரல் நீட்டினார். சமையலறை டிரான்சிஸ்டர் காலத்து ஆள்கள் பலரும் அன்று கண்ணைத் துடைத்தோம். எத்தனை வாட் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு முந்திய நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு ரசிகை தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையைக் கமராவுக்குக் காட்டச் சாலைக்குள் நீட்ட, அதில் ஒரு வீரர் மோதி, அவர் மேல் இன்னொருவர் விழுந்து, திரளில் பெரும்பகுதி தரையில் கிடந்தது. நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் போட்டது. தாத்தா பாட்டிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. உலகத்துத் தாத்தா பாட்டிகள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. பழைய ரசிகர்கள் மட்டும் ஒழுங்கு என்று எண்ண வேண்டாம்: 1999இல் ஆல்ப் துயெஸ் மலையில் முன்னணியில் போன ஜூசெப்பே குவெரீனியின் நேர் எதிரே படம் எடுக்க நின்று அவரை விழுத்தியவரும் ரசிகர்தான். குவெரீனி எழுந்து ஓடி அந்தக் கட்டத்தை வென்றதால் அந்த ரசிகர் மன்னிக்கப்பட்டார். அன்று வீரரைப் படம் எடுக்க உள்ளே வந்தார்கள்; இன்று தன்னைப் படம் எடுக்க வீரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். வளர்ச்சிதான்.

2024இல் ஒலிம்பிக்குக்காக டூரின் முடிவுக் கோட்டைப் பாரிசிலிருந்து நீஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். அதே ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயம் மொன்மாத்ர் குன்றில் ஏறியபோது கூடிய கூட்டத்தைக் கண்டு, 2025 டூரின் கடைசிக் கட்டத்தையும் அங்கே ஏற்றினார்கள், மூன்று முறை. லா சப்பலில் நம்மவர்களின் மரக்கறிக் கடைகளிலிருந்து நடந்துபோகிற தூரம். முன்பு டூரைப் பார்க்க விடியற்காலை ரயில் பிடித்தேன். அன்று டூர் எங்கள் பக்கத்துக்கு வந்தது. மழை கொட்டியது. கல் பதித்த லெப்பிக் தெருவில், கடைசி ஏற்றத்தில், மஞ்சள் சட்டையிலிருந்த பொகாச்சரையே உதறிவிட்டு பெல்ஜியத்தின் வூட் வான் ஆர்ட் போனார். கட்டம் அவருக்கு, டூர் நான்காவது முறையாகப் பொகாச்சருக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்க்க முடிந்தது. குன்று செங்குத்து, சாமிக்கே மூச்சு வாங்கியது.

சமையல்காரர் இப்போது தன் ஊரில், எண்பதைத் தாண்டிய வயதில் இருக்கிறார். ஜூலையில் போன் செய்வார். 2019இல் பிரெஞ்சுக்காரர் ஜூலியான் அலாஃபிலிப் பதினான்கு நாள் மஞ்சள் சட்டையில் இருந்தபோது தினமும் செய்தார். அந்த ஆண்டு இன்னொரு பிரெஞ்சுக்காரர் திபோ பினோ கால் வலியால் அழுதுகொண்டே காருக்குள் ஏறினார், ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் மலைக்கட்டத்தை நடுவில் நிறுத்தின, கொலம்பியாவின் ஏகன் பெர்னால் வென்றார். "உன் நாட்டுக்காரன் வென்றுவிட்டான்" என்றார் என்னிடம். அவருக்கும் நினைவிருந்தது.

2022இல் பெண்கள் டூர் முறையாக மறுபடி தொடங்கியது. அதை நாங்கள் இருவரும் சும்மா ஒரு பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தோம். 2024இல், ஆல்ப் துயெஸ் உச்சியில் முடிந்த கடைசி நாளில், போலந்தின் காசியா நியெவியாதோமா வென்ற வித்தியாசம் 4 விநாடி. முப்பத்தைந்து ஆண்டாக நாங்கள் ஒப்பாரி வைத்த 8 விநாடியில் சரிபாதி. 2025இல் அந்தப் பந்தயம் பிரெத்தாஞ்சில் தொடங்கியது. முதல் கட்டம் முடிந்த இடம் ப்ளூமெலெக். எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, மஞ்சள் சட்டையோடு மேடையில் நின்றவர் போலின் ஃபெரான்-பிரெவோ. பிரெஞ்சுக்காரர். சமையல்காரர் போன் எடுத்து நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நாற்பது ஆண்டு நாம் வேறு பந்தயத்தையா பார்த்துக்கொண்டிருந்தோம்?" என்றார்.

அப்படித்தான் தெரிகிறது. ஆகவே இதை வாசிக்கும் ஐரோப்பியத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலையில் டூர் உங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் போய் நில்லுங்கள். இவ்வளவு பெரிய விளையாட்டில் டிக்கெட் இல்லாத இடம் வேறெங்கும் கிடைக்காது. பிள்ளைகளைச் சாலைக்குள் இறங்க விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். ஆகஸ்டில் பெண்கள் ஓடும்போதும் போங்கள். இப்போதைக்கு அங்கே முன்வரிசையில் இடம் கிடைக்கிறது. இது வெளியே தெரிந்தால் கிடைக்காது.